லூயிஸ் நோரோஸின் கால்சட்டையும் நிற்காத கப்பலும்

1884 ஜூன் மாதம். கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஜூலியானஹாப் என்ற சின்ன ஊர் (இன்றைய பெயர் ககோர்டோக்). அந்தப் பக்கம் மிதந்து வந்த ஒரு பனிப்பாளத்தின்மேல் ஏதோ கிடப்பதை உள்ளூர்க்காரர்கள் பார்த்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் குப்பை மாதிரிதான் இருந்தது. உணவு இருப்பை எழுதிய ஒரு தாள், படகுகளின் பட்டியல் ஒன்று, ஒரு தொப்பியின் முன்விளிம்பு, எண்ணெய்த்துணியில் தைத்த ஒரு கால்சட்டை. தாளில் டி லாங் என்று கையெழுத்து. கால்சட்டையில் லூயிஸ் நோரோஸ் என்று பெயர்.

நோரோஸ், ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பலின் மாலுமி. அந்தக் கப்பல் மூழ்கியது 1881 ஜூனில், சைபீரியாவுக்கு வடக்கே. உலக உருண்டையை எடுத்து வட துருவத்தில் விரலை வைத்துப் பாருங்கள், விரலுக்கு அந்தப் பக்கம் சைபீரியா, இந்தப் பக்கம் கிரீன்லாந்து. நோரோஸ் உயிர் பிழைத்து, சைபீரியா வழியாக எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கால்சட்டை மட்டும் ஏறக்குறைய 1,100 நாட்கள் எடுத்துக்கொண்டு, ஆர்க்டிக் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, கிரீன்லாந்தின் தென்முனையையும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆர்க்டிக் பயணங்களைப் பற்றி எதைப் படித்தாலும் 'கப்பல் பனியில் சிக்கி நின்றுவிட்டது' என்று ஒரு வரி கண்ணில் படும். சிக்கியது சரி. நின்றது என்பதில்தான் தப்பு. கரையோரமாகக் கெட்டியாக ஒட்டிக்கொண்ட ஐஸில் மாட்டிய கப்பல்கள் நின்றிருக்கின்றன, அது வேறு. நடுக்கடலில் மாட்டிய கப்பல், எஞ்சின் அணைந்து, பாய் சுருட்டி, சுக்கான் அசையாமல் இருந்தாலும் ஒவ்வொரு நாளும் எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் அதைப் பிடித்து வைத்திருக்கும் ஐஸே போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிய ஒரு கப்பலும் 20 உயிர்களும் ஒரு கால்சட்டையும் தேவைப்பட்டன.

அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாதா என்றால், அரைகுறையாகத் தெரியும். ஆர்க்டிக்கில் காணாமல்போன ஃப்ராங்க்ளின் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தலைவரைத் தேடிப் போன பிரிட்டிஷ் கப்பல்களில் ரிசொல்யூட் என்று ஒன்று. 1854 மே மாதம் கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு நடுவே ஐஸில் இருந்த அதை, மேலதிகாரியின் உத்தரவுப்படி அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜ் ஹென்றி என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல், பேஃபின் தீவுக்கு அருகே ஆளே இல்லாமல் மிதந்துகொண்டிருந்த ரிசொல்யூட்டைக் கண்டுபிடித்தது. விட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். அமெரிக்க நாடாளுமன்றம் 40,000 டாலர் கொடுத்து அதை வாங்கி, செப்பனிட்டு, விக்டோரியா ராணிக்குத் திருப்பிக் கொடுத்தது. பின்னாளில் கப்பலை உடைத்தபோது அதன் மரத்தில் ஒரு மேஜை செய்து ராணி 1880-ல் அமெரிக்க அதிபருக்கு அனுப்பினார். அதிபர் அலுவலகப் படங்களில் நாம் பார்க்கும் மேஜை அதுதான். மேஜைக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆளில்லாத கப்பல் எப்படி 1,900 கிலோமீட்டர் போனது என்று கேட்டவர்கள் குறைவு.

கடல் ஐஸ் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கடல் நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். ஒரே குளிர்காலத்தில் இரண்டு மீட்டர் வரைக்கும் கனம் பிடிக்கும். ஆனால் அது ஏரி உறைவது மாதிரி ஒரே பலகையாக உறைவதில்லை. கீழே நீரோட்டம் இழுக்கிறது, மேலே காற்று தள்ளுகிறது, காற்றின் வேகத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வேகத்துக்கு ஐஸ் நகரும் என்பது தோராயக் கணக்கு. எல்லாப் பாளமும் ஒரே வேகத்தில் போகாது. ஒன்று முந்தும், ஒன்று முட்டும், நடுவில் பிளவு விழும், பிளவில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், சில மணி நேரத்தில் பிளவு மறுபடி மூடும். மூடும்போது இரண்டு விளிம்பும் மோதி, உடைந்த துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வீட்டு உயரத்துக்குக் குவியல் எழும். கப்பல் மாட்டுவது அந்தப் பிளவுகளில்தான். அதனால் பனியில் சிக்கிய கப்பலுக்குப் பெரிய ஆபத்து குளிர் இல்லை, இந்த மூடும் பிளவு.

சரி, ஜீனெட்டுக்கு வருவோம்.

முதலில் அது பண்டோரா என்ற பிரிட்டிஷ் போர்ப்படகு, 1861-ல் கட்டியது. நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையின் முதலாளி ஜேம்ஸ் கார்டன் பென்னட் அதை வாங்கித் தன் தங்கை பெயரை வைத்தார். ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேட ஸ்டான்லியை அனுப்பியவரும் இதே பென்னட்தான். செய்தி இல்லாவிட்டால் செய்தியை உண்டாக்கு என்கிற ரகம். பணம் பென்னட்டுடையது, ஆட்களும் கட்டுப்பாடும் அமெரிக்கக் கடற்படையுடையது. தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் டி லாங் என்ற கடற்படை அதிகாரி.

போகும் திட்டம் ஒரு வரைபடத்தை நம்பியிருந்தது. ஜெர்மனியில் கோத்தா நகரில் ஆகஸ்ட் பீட்டர்மன் என்ற பெரிய புவியியலாளர் இருந்தார். துருவத்தைச் சுற்றி ஐஸ் ஒரு வளையம் மாதிரிதான் இருக்கிறது, அந்த வளையத்தைத் தாண்டிவிட்டால் உள்ளே திறந்த கடல் என்று அவரும் அந்தக் காலத்தில் வேறு பலரும் நம்பினார்கள். ஜப்பானுக்குப் பக்கத்தில் ஓடும் குரோஷியோ என்ற வெந்நீரோட்டம் பெரிங் நீரிணை வழியாக வடக்கே ஏறி வழி திறந்து வைத்திருக்கும் என்பது கணக்கு. போதாததற்கு, சைபீரியாவுக்கு வடக்கே இருக்கும் ராங்கல் நிலம் துருவத்தைத் தாண்டி கிரீன்லாந்து வரை நீளும் ஒரு பெரிய நிலப்பரப்பு என்றும், அதன் கரையைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்றும் ஒரு யோசனை. இரண்டும் தப்பு. இதைக் கேட்டு இன்று சிரிக்கலாம், ஆனால் யாருமே போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றி இருந்த நல்ல ஊகங்களில் அதுவும் ஒன்று. டி லாங்கை முட்டாளாக்கிச் சொல்லும் கதைகள் எனக்கு ஒப்பவில்லை.

1879 ஜூலை 8-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார்கள். வழியில் அலாஸ்காவில் நாய்களையும் அலெக்ஸி, அனேகுயின் என்ற இரண்டு உள்ளூர் வேட்டைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் 33 பேர். செப்டம்பர் 6-ம் தேதி, கிளம்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஹெரால்டு தீவுக்குப் பக்கத்தில் ஐஸ் கப்பலைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அது விடவேயில்லை. திறந்த கடலுக்குக் கதவு என்று நினைத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டதால், வெந்நீரோட்டக் கணக்கு தப்பு என்பது டி லாங்குக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

ராங்கல் நிலம் பற்றிய கணக்கும் கொஞ்ச நாளில் அடிபட்டது, அதுவும் வேடிக்கையான முறையில். கரையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய கப்பலை ஐஸ் இழுத்துக்கொண்டு அந்த நிலத்துக்கு வடக்குப் பக்கமாகவே மேற்கே போனது. கண்டம் என்று நினைத்தது தெற்கே பின்தங்கி மறைந்தது. அது ஒரு தீவு, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க யாரும் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை, வானம் தெளிவாக இருந்த நாட்களில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் குறித்தால் போதும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் சேர்த்தால் குடிகாரன் நடந்த மாதிரி ஒரு கோடு வரும்: ஒரு வாரம் வடக்கே, அடுத்த வாரம் கிழக்கே, அப்புறம் சுற்றிவந்து பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே. மாதக்கணக்கில் இந்தச் சுற்றல்தான். ஆனால் எட்டி நின்று பார்த்தால் கோடு மொத்தமாக வடமேற்கே போகிறது.

1880 ஜனவரி 19-ம் தேதி ஐஸ் நெருக்கியதில் கப்பலின் முன்பகுதியில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. வெளியே கொடும் குளிர். உள்ளே வரும் நீர் பம்பிலேயே உறைகிறது. நிண்டமன் என்ற மாலுமியும் தச்சர் ஸ்வீட்மனும் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே மரச் சட்டங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளை அடைத்தார்கள், கையில் கிடைத்ததையெல்லாம் திணித்து. கசிவு குறைந்தது, நிற்கவில்லை. ஆட்கள் பம்பு அடித்தார்கள், அப்புறம் நீராவிப் பம்பு, நிலக்கரி தீர்ந்துவிடும் என்ற பயம் வந்ததும் தலைமை எஞ்சினியர் மெல்வில் ஒரு காற்றாலை செய்து பம்போடு பொருத்தினார். கப்பல் மூழ்கும்வரை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை வருடம், இந்தப் பம்பு வேலை ஓயவில்லை. கூடவே எடிசன் தயாரிப்பில் மின்விளக்குக் கருவிகளும் கொண்டுபோயிருந்தார்கள், இருட்டில் நாலு மாதம் சும்மா கிடக்க வேண்டாமே என்று. அவை ஒரு நாள்கூட உருப்படியாக எரியவில்லை.

குடிதண்ணீர்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை ஐஸ், உருக்கினால் தண்ணீர் என்றுதானே நமக்குத் தோன்றும்? கடல் நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படும், ஆனால் முழுதாக அல்ல. புது ஐஸில் உப்புக்கரைசல் நுண்ணிய குழிகளில் தங்கிவிடும். சில வருடம் பழசான ஐஸ் என்றால் கோடையில் கரிப்பு வடிந்துபோய்க் குடிக்கலாம். அவர்களைச் சுற்றியிருந்த ஐஸும் பனித்தூளும் மருத்துவர் ஆம்ப்ளர் சோதித்துப் பார்த்தபோது கரித்தன. அதைக் குடித்தால் நோய் வரும் என்று அவர் பிடிவாதமாகத் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கச் சொன்னார். அதற்கும் நிலக்கரிதான் செலவு. அந்தக் காலத்துத் துருவப் பயணங்களைத் தின்று தீர்த்த ஸ்கர்வி என்ற நோய் இந்தக் கப்பலில் தலைகாட்டவில்லை. அதற்கு நல்ல தண்ணீர்தான் காரணம் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் வைட்டமின் சி குறைவுதான் ஸ்கர்விக்குக் காரணம் என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. எலுமிச்சைச் சாறும் வேட்டையில் கிடைத்த சீல், கரடி இறைச்சியும்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். ஸ்கர்வியிலிருந்து தப்பித்தவர்கள் 1881-ல் வேறொன்றில் மாட்டினார்கள், வரிசையாகப் பலருக்கு வயிற்றுவலி. டப்பாவில் அடைத்த தக்காளியில் ஈயம் கலந்திருந்தது என்று ஆம்ப்ளர் கண்டுபிடித்தார், டப்பாவை ஒட்டவைத்த ஈயப்பற்றைத் தக்காளியின் புளிப்பு கரைத்திருக்கிறது. புளிக்குழம்பை வெறும் பித்தளைப் பாத்திரத்தில் வைக்காதே என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வது ஏன் என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

1881 மே மாதம் இரண்டு சின்னத் தீவுகள் தெரிந்தன, அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாதவை. ஒன்றுக்கு ஜீனெட் என்றும் மற்றதற்கு ஹென்ரியெட்டா என்றும் பெயர் வைத்தார்கள். இந்தக் காலத்தில் நகர்வின் வேகமும் கூடியிருந்தது. ஜூன் 12-ம் தேதி, சுற்றியிருந்த ஐஸ் பிளந்து, கப்பல் 21 மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து தண்ணீரில் மிதந்த சந்தோஷம் அடங்குவதற்குள் பிளவு மூடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் நெருக்கியதில் பக்கவாட்டுப் பலகைகள் உடைந்தன. படகுகளையும் உணவையும் ஐஸ்மேல் இறக்கினார்கள். 13-ம் தேதி விடிகாலை நாலு மணி வாக்கில் ஜீனெட் கீழே போனது. இடம், 77 டிகிரி 15 நிமிடம் வடக்கு. சிக்கிய இடத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் புத்தகங்களில் விரிவாக வருவது, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று படகுகளைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றித் தெற்கே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு வாரத்துக்குமேல் முதுகொடிய இழுத்தபிறகு டி லாங் சூரியனைப் பார்த்து இடம் கணித்தார். கப்பல் மூழ்கிய இடத்தைவிட அவர்கள் இன்னும் வடக்கே இருந்தார்கள். அவர்கள் தெற்கே நடந்ததைவிட வேகமாக ஐஸ் அவர்களை வடக்கே கொண்டுபோயிருந்தது. இதை ஓரிருவருக்கு மட்டும் சொல்லி, மற்றவர்களிடம் மறைத்துவிட்டார். திசையைக் கொஞ்சம் மாற்றி மறுபடி நடை. ஜூலை கடைசியில் இன்னொரு தீவு, அதற்குப் பத்திரிகை முதலாளியின் பெயர், பென்னட். பிறகு திறந்த நீரில் படகுகள். செப்டம்பர் 12-ம் தேதிப் புயலில் மூன்றும் பிரிந்தன. சிப் என்ற அதிகாரியையும் சேர்த்து 8 பேர் இருந்த படகு திரும்பவே இல்லை. மெல்விலின் படகில் இருந்த 11 பேர் லீனா ஆற்றின் கழிமுகத்தில் கரையேறி உள்ளூர் மக்களால் பிழைத்தார்கள். டி லாங்கின் 14 பேர் அதே கழிமுகத்தின் வேறொரு மூலையில், குளிர் தொடங்கும் நேரத்தில், ஆளில்லாத இடத்தில் இறங்கினார்கள். அக்டோபர் 9-ம் தேதி நிண்டமனையும் நோரோஸையும் உதவி தேடி முன்னால் அனுப்பினார். அந்த இருவர் மட்டும் பிழைத்தார்கள். டி லாங்கின் குறிப்பேடு அக்டோபர் 30-ம் தேதியோடு நிற்கிறது. அடுத்த மார்ச்சில் மெல்வில்தான் உடல்களைக் கண்டுபிடித்தார். 33 பேரில் 20 பேர் இறந்துவிட்டார்கள்.

பத்திரிகைகளுக்கு அது ஒரு சோகக்கதை. கடற்படை விசாரணை நடத்தியது. கதை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் கிரீன்லாந்தில் அந்தக் கால்சட்டை.

நார்வேயின் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் 1884 நவம்பரில் ஒரு நார்வே நாளிதழில் இதைப் பற்றி எழுதினார். பொருட்கள் துருவக் கடலுக்குக் குறுக்கே மிதந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். படித்தவர்களில் 23 வயது இளைஞர் ஒருவர், பெயர் ஃப்ரிட்யோஃப் நான்சென். கால்சட்டை வந்த பாதையில் ஒரு கப்பலும் வரலாமே என்று அவருக்குத் தோன்றியது. சைபீரியாவின் மரக்கட்டைகள் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்குவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அலாஸ்கா மக்கள் ஈட்டி எறியப் பயன்படுத்தும் கட்டை ஒன்றும் கிரீன்லாந்தில் கிடைத்திருந்தது. இதையெல்லாம் சேர்த்து அவர் சொன்னது: ஐஸில் சிக்காமல் போக முயலவேண்டாம், வேண்டுமென்றே போய்ச் சிக்கிக்கொள்வோம், அதுவே நம்மைத் துருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தப் பக்கம் விடும்.

1892-ல் லண்டனில் ராயல் புவியியல் கழகத்தில் இதைச் சொன்னபோது அனுபவசாலிகள் பலர் தலையை ஆட்டினார்கள், மறுத்துத்தான். அமெரிக்காவின் கிரீலி, தானே ஆர்க்டிக்கில் ஆட்களைப் பறிகொடுத்தவர், இது தற்கொலைத் திட்டம் என்றே எழுதினார். அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருந்தது: ஜீனெட்டை நசுக்கிய ஐஸ் உன் கப்பலை மட்டும் விட்டுவிடுமா?

நான்செனின் பதில் கப்பலின் வடிவத்தில் இருந்தது. ஜீனெட்டுக்குப் புறப்படும் முன் நிறைய மரமும் இரும்பும் வைத்துப் பலப்படுத்தியிருந்தார்கள், வடிவத்தை யாரும் மாற்றவில்லை. பக்கங்கள் கிட்டத்தட்டச் செங்குத்து, அதனால் ஐஸ் அணைத்துப் பிடிக்க வசதி. எவ்வளவு பலமான சுவராக இருந்தாலும் கடல் முழுக்கச் சேர்ந்து நெருக்கினால் உடையத்தான் வேண்டும். எனவே நெருக்கலை எதிர்க்காமல் நழுவ வேண்டும். ஈர மாங்கொட்டையை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள், நசுங்காது, பிதுங்கிக்கொண்டு மேலே போய்விடும். காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர் கட்டிய ஃப்ராம் அப்படிப்பட்டது. 39 மீட்டர் நீளத்துக்கு 11 மீட்டர் அகலம், பாதித் தேங்காய் மாதிரி உருண்ட வயிறு, அடியில் ஏராக்கட்டை கொஞ்சமும் துருத்தாதபடி. பக்கச் சுவர் 60, 70 சென்டிமீட்டர் கனம், வெளிப்புறம் கிரீன்ஹார்ட் என்ற வழுவழுப்பான கடின மரம். சுக்கானையும் உந்துவிசிறியையும் ஐஸ் பிடிக்காதபடி மேலே தூக்கிக்கொள்ளலாம். அறைகளின் சுவர்களில் கம்பளி, தக்கை, கலைமான் முடி என்று அடுக்கடுக்காகக் குளிர்காப்பு. சாதாரணக் கடலில் இந்த உருண்டைக் கப்பல் பயங்கரமாக ஆடும், எல்லோருக்கும் வாந்தி. அது பரவாயில்லை என்றுதான் கட்டினார்கள்.

1893 ஜூன் 24-ம் தேதி நான்சென் தன்னையும் சேர்த்து 12 பேரோடு நார்வேயிலிருந்து கிளம்பினார், கடைசி நேரத்தில் இன்னொருவர் ஏறி 13 பேர் ஆனார்கள். செப்டம்பர் கடைசியில் நியூ சைபீரியத் தீவுகளுக்கு வடமேற்கே, 79 டிகிரியை நெருங்கும் இடத்தில், வேண்டுமென்றே ஐஸில் மாட்டிக்கொண்டார்கள். உடனே ஐஸ் தன் குணத்தைக் காட்டியது. நவம்பர் முதல் வாரத்தில் பார்த்தால் கப்பல் 77 டிகிரி 43 நிமிடத்தில், மாட்டிய இடத்தைவிட நூறு கிலோமீட்டருக்குமேல் தெற்கே இருந்தது. நான்சென் தன் குறிப்பேட்டில் தன்னையே திட்டிக்கொள்கிறார். ஆனால் ஜீனெட்டின் கோணல்மாணல் கோட்டைப் பார்த்தவருக்குத் தெரியும், எட்டி நின்று பார்க்க வேண்டும் என்று. மெல்ல மெல்லக் கோடு வடக்கே திரும்பியது.

இங்கேயும் ஒரு காற்றாலை இருந்தது. ஜீனெட்டில் அது கசிவு நீரை இறைத்தது, ஃப்ராமில் மின்விளக்கு எரிய வைத்தது. உள்ளே வெளிச்சம், கதகதப்பு, நல்ல சாப்பாடு, ஆட்கள் எடை கூடினார்கள். இவ்வளவு வசதியாக இருக்கிறோமே என்று நான்சென் கொஞ்சம் வெட்கப்பட்டதுகூட உண்டு. 1895 ஜனவரி முதல் வாரத்தில் மட்டும் நிஜமான சோதனை வந்தது. ஒரு பெரிய ஐஸ் குவியல் சத்தம் போட்டுக்கொண்டே ஊர்ந்து வந்து கப்பலின் பக்கவாட்டில் ஏறியது. மூட்டை முடிச்சோடு இறங்கத் தயாராக நின்றார்கள். மாங்கொட்டை பிதுங்கியது. கப்பல் மேலே எழும்பி நின்றது, எலும்பு ஒன்றும் முறியவில்லை.

நான்சென் அந்த மார்ச்சில் கப்பலில் கூட இருந்த யோஹான்செனோடு நாய்வண்டியில் துருவத்தை நோக்கிக் கிளம்பினதும், 86 டிகிரி 14 நிமிடம் வரை போய்த் திரும்பினதும், ஃப்ரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கல் குடிசையில் குளிர்காலம் கழித்ததும் தனிக்கதை. எனக்கு அதைவிடக் கப்பலில் இருந்தவர்கள் செய்த வேலைதான் சுவாரசியம். ஆர்க்டிக் கடல் ஆழமில்லாதது என்று நினைத்து அளவாகத்தான் ஆழம் பார்க்கும் கயிறு கொண்டுபோயிருந்தார்கள். அதை இறக்கினால் அடி தட்டவேயில்லை. உடனே கப்பலில் இருந்த எஃகு வடம் ஒன்றை எடுத்து, முறுக்கை அவிழ்த்து, இழைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்து, பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புதுக் கம்பி திரித்தார்கள், வெளியே ஐஸ்மேல், அந்தக் குளிரில். அதை இறக்கியபோது மூவாயிரம் மீட்டருக்கும் கீழேதான் தரை தட்டியது. துருவத்தில் நிலம் இருக்கும் என்ற கற்பனைகளுக்கு அது பெரிய அடி. நடு ஆழத்தில் அட்லாண்டிக்கிலிருந்து வரும் சற்று வெதுவெதுப்பான நீர் ஓடுவதும் அப்போதுதான் தெரிந்தது. பீட்டர்மன் சொன்ன வெந்நீர் ஒரு வகையில் அங்கே இருக்கத்தான் செய்தது, மேலே குளிர்ந்த நீர் மூடியிருந்ததால் ஐஸை உருக்க முடியாமல்.

இன்னொன்றும் நான்சென் கவனித்தார். காற்று அடிக்கும் திசையிலேயே ஐஸ் போகவில்லை, அதற்கு வலப்பக்கமாக 20 முதல் 40 டிகிரி வரை விலகிப் போனது. பூமி சுழல்வதால்தான் இது என்று யூகித்து, பின்னர் எக்மன் என்ற சுவீடன் மாணவரிடம் கணக்குப் போடச் சொன்னார்கள். மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கம் விலகும், அதற்குக் கீழ் அடுக்கு இன்னும் கொஞ்சம் விலகும், இப்படித் திருகிக்கொண்டே கீழே போகும் என்று அவர் காட்டினார். எக்மன் சுருள் என்று இன்று கடலியல் பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். தென்னரைக்கோளத்தில் இடப்பக்கம். மீன்வளம் கொழிக்கும் பல கடற்கரைகளில் அடிநீர் ஏன் மேலே வருகிறது என்பதற்கும் இதே கணக்குத்தான்.

1896 ஆகஸ்ட் 13-ம் தேதி ஃப்ராம் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடமேற்கே ஐஸைவிட்டு வெளியே வந்தது, கப்பலின் கேப்டன் ஸ்வெர்ட்ரூப் தலைமையில், ஓர் ஆளையும் இழக்காமல். அதே நாளில் நான்செனும் யோஹான்செனும் வேறொரு கப்பலில் நார்வேயின் வார்டோ துறைமுகத்தில் இறங்கினார்கள். மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு, கால்சட்டைக் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்தது.

அந்த ஐஸ் இன்று அதே வேகத்தில் போவதில்லை. 2006-ல் தாரா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஃப்ராம் செய்த மாதிரியே மாட்டிக்கொண்டு சுமார் 16 மாதத்தில் வெளியே வந்துவிட்டது. 2019 அக்டோபரில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் என்ற ஆய்வுக் கப்பல் ஒரு பனிப்பாளத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டது, அடுத்த ஜூலைக் கடைசியில் கிரீன்லாந்துக்கும் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் நடுவே அந்தப் பாளம் சிதறியது. தொடங்கிய இடங்கள் வேறு வேறு என்பதால் நாட்களை அப்படியே ஒப்பிட முடியாது, ஆனால் ஐஸ் மெலிந்துவிட்டது, மெலிந்த ஐஸ் காற்றுக்குச் சீக்கிரம் நகர்கிறது.

எவ்வளவு மெலிந்தது, முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல செயற்கைக்கோள் படங்கள் 1970-களிலிருந்துதான் இருக்கின்றன. அதற்கு முந்தையதற்குப் பழைய கப்பல்களின் பதிவேடுகள்தான். டி லாங் மூழ்கும் கப்பலிலிருந்து அவற்றை இறக்கி, ஐஸ்மேல் இழுத்து, படகில் ஏற்றி, சைபீரியக் கரைவரை கொண்டுவந்திருந்தார், உணவுக்கு இடமில்லாத நேரத்திலும். இனித் தூக்க முடியாது என்றானபோது கரையேறிய இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார். 1881 நவம்பரில் டி லாங்கைத் தேடிப் போன மெல்விலுக்குக் கிடைத்தது அந்தப் பதிவேடுகள்தான். பழைய வானிலை என்ற பெயரில் நடந்த ஒரு திட்டத்தில் தன்னார்வலர்கள் அவற்றின் படங்களைக் கணினியில் பார்த்து, வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, ஐஸின் நிலை என்று வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள். 1880-ன் ஆர்க்டிக் குளிர்காலத்தைக் கணினியில் திரும்பக் கட்டும் வானிலை மாதிரிகளுக்கு, அந்தப் பக்கத்துக் கடலிலிருந்து கிடைக்கும் எண்கள் அநேகமாக ஜீனெட்டுடையவை மட்டும்தான்.